காதின் மேலா, காதைச் சுற்றியா? ஹெட்போன் அமரும் இடமும் அது தரும் ஒலியும்

ஹெட்போன் வாங்க நினைக்கும் ஒருவர் நான்கு பேரிடம் யோசனை கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்கள்தான் வந்து சேரும். பெரிதாக இருப்பது நன்றாக ஒலிக்கும், சிறிதாக இருப்பது சுமாராக ஒலிக்கும். பெரியது வெளிச்சத்தத்தை அடைக்கும், சிறியது அடைக்காது. டிரைவர் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனைக்கு பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி கிடைக்கும். இந்தப் பேச்சுகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எதனால் உண்டாகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாததால்தான், நிறையச் செலவழித்துப் பெரிய ஹெட்போன் வாங்கியவர் அரை மணி நேரத்தில் காது வலிக்கிறதே என்று திகைக்கிறார். சிறியதை வாங்கியவர், தமக்குப் பிடித்த பாட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஏன் காணாமற்போனது என்று புரியாமல் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்.

சௌகரியம் ஒரு பக்கம், ஒலித்தரம் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதே இந்தக் குழப்பத்தின் ஊற்று என்று நான் கருதுகிறேன். ஹெட்போனின் மெத்தை நம் தலையில் எந்த இடத்தில் அமர்கிறது என்ற ஒரே கேள்வியிலிருந்து இரண்டும் கிளைக்கின்றன. அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

ஹெட்போனின் இரு முனைகளிலும் கிண்ணம் போன்ற கூடுகள் இருக்கின்றன. கூட்டுக்குள் இருந்து ஒலியை உண்டாக்கும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். பெரும்பாலான ஹெட்போன்களில் அது ஒரு மெல்லிய சவ்வும், சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருளும், அருகே ஒரு காந்தமும் சேர்ந்தது. கம்பிச்சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. கூட்டின் விளிம்பில் நம் உடலைத் தொடும்படி பஞ்சு வைத்துத் தைத்திருக்கும் பகுதியை இந்தக் கட்டுரையில் மெத்தை என்று சொல்கிறேன்; கடைகளில் அதை இயர்பேட் என்றும் குஷன் என்றும் சொல்வார்கள். இரு கூடுகளையும் இணைத்துத் தலைக்கு மேலே வளைந்து செல்வது தலைப்பட்டை.

ஓவர்-இயர் வகையில் மெத்தை ஒரு பெரிய வளையம். காது முழுவதும் அந்த வளையத்தின் குழிக்குள் அடங்கிவிட, மெத்தை காதைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள தலைப்பகுதியின்மீது அமர்கிறது. ஆன்-இயர் வகையில் மெத்தை சிறியது. அது காதுமடலின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. காதுமடல் என்பது வெளியே தெரிகிற, மடிப்புகளும் குழிகளும் கொண்ட பகுதி. அதன் நடுவிலிருந்து உள்ளே செல்லும் குழாய் செவிக்குழாய். அதன் முடிவில் இருப்பது செவிப்பறை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் ஓவர்-இயர் என்று அச்சிட்டிருந்தாலும், அது உங்களுக்கு ஓவர்-இயரா என்பதை உங்கள் காதுதான் முடிவு செய்கிறது. வளர்ந்தவர்களின் காதுமடல் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். மெத்தையின் குழி அதைவிடக் குறுகியதாக இருந்தால் மடலின் ஓரம் மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். குழி அகலமாக இருந்தும் ஆழம் போதவில்லையென்றால், மடலின் முனை உள்ளே டிரைவரை மூடியிருக்கும் துணியில் உரசிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஹெட்போன் அந்த ஒருவருக்கு மட்டும் பாதி ஆன்-இயராக மாறிவிடுகிறது. பெரியதை வாங்கியும் காது வலிக்கிறது என்பவர்களில் பலருடைய சிக்கல் இதுதான்.

## பையின் வாரும் காதின் மடலும்

ஐந்து கிலோ எடையுள்ள பையை மெல்லிய நாடா ஒன்றால் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் தோளில் தடம் விழும். அதே பையை நான்கு விரல் அகலமுள்ள வாரில் மாட்டினால் வெகுதூரம் நடக்கலாம். எடை மாறவில்லை, அந்த எடை பரவும் பரப்புதான் மாறியது. ஒரு விசை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைக் கணக்கில் எடுத்துச் சொல்வதே அழுத்தம். விசை ஒன்றாகவே இருக்க, பரப்பு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும்.

ஹெட்போன் கீழே விழாமல் நிற்பதற்காகத் தலைப்பட்டை இரு பக்கமும் உள்நோக்கி அழுத்துகிறது. இந்த விசையைப் பிடி என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, பிடி ஒவ்வொரு பக்கமும் 400 கிராம் எடை வைத்தது போன்றது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 10க்கு 8 சென்டிமீட்டரும் உள்ளே 6க்கு 4 சென்டிமீட்டரும் கொண்ட நீள்வட்ட மெத்தையின் பரப்பு ஏறத்தாழ 44 சதுர சென்டிமீட்டர் வரும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9 கிராம். குறுக்களவு 6 சென்டிமீட்டரும் நடுவில் 2 சென்டிமீட்டர் துளையும் உள்ள வட்டமான ஆன்-இயர் மெத்தையின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர்தான். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 கிராம் விழுகிறது. அதுவும் மெத்தை முழுவதும் சமமாகத் தொட்டால்தான். காதுமடல் சமதளம் அன்று. அதில் வரப்புகள் போன்ற மேடுகள் இருக்கின்றன. மெத்தை முதலில் அந்த மேடுகளில்தான் அழுந்துகிறது என்பதால், அவற்றின்மீது விழும் அழுத்தம் இந்தக் கணக்கைவிட அதிகம்.

அழுத்தம் விழும் இடமும் எல்லாம் ஒன்றல்ல. ஓவர்-இயர் மெத்தை, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டிலும், நெற்றிப்பொட்டின் ஓரத்திலும், தாடையின் மேற்பகுதியிலும் தன் பாரத்தைப் பகிர்ந்து வைக்கிறது. காதுமடல் எலும்பால் ஆனதன்று. வளையக்கூடிய குருத்தெலும்பால் ஆனது. அதன் முன்புறத்தில் தோல் குருத்தெலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. இடையில் கொழுப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. கொழுப்பு இருப்பது, தோடு போடும் கீழ்மடலில் மட்டும். உடலின் பல இடங்களில் கொழுப்பே இயற்கையான மெத்தையாக இருந்து அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள, காதுமடலுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு, ஆன்-இயர் மெத்தை மடலைத் தலையோடு சேர்த்து அழுத்துவதால் அது இரு பக்கமும் நசுங்குகிறது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நான் பல ஆண்டுகளாகக் கண்ணாடி அணிகிறேன். ஆன்-இயர் ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதின் மேல்மூலையில், கண்ணாடிக் காம்பு மடலுக்கும் தலைக்கும் நடுவே செல்லும் அந்த இடத்தைத் தொட்டால், அரிசி மணி அளவுள்ள ஒரு புள்ளியில் மட்டும் வலி இருக்கும். மெத்தை மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் மடலுக்குப் பின்னால் கடினமான காம்பு இருந்ததால், முன்னாலிருந்து வந்த விசை முழுவதும் அந்தப் புள்ளியில் போய்க் குவிந்தது. ஓவர்-இயர் வகையில் இந்த வலி பெரிதும் குறைகிறது. ஆனால் அங்கே காம்பு வேறொரு தொல்லையைத் தருகிறது; அதைப் பிறகு பார்ப்போம்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஆன்-இயர் வலிக்கக் காரணம், அதே பிடி சிறிய பரப்பில் விழுவதும், அந்தப் பரப்பு கொழுப்பில்லாத குருத்தெலும்பாக இருப்பதும். ஓவர்-இயர், பாரத்தைப் பெரிய பரப்பில், எலும்பின்மீது பரப்புகிறது. ஆனால் காது அதன் குழிக்குள் முழுதாக அடங்கினால்தான்.

## எடையும் வெப்பமும்

இந்த இரண்டிலும் ஆன்-இயருக்கே சாதகம். சிறிய கூடு, சிறிய மெத்தை என்பதால் எடை குறைவு. மடித்துப் பையில் போடலாம். 1979-இல் வாக்மேன் வந்தபோது அதனுடன் தரப்பட்டது, கடற்பஞ்சு போன்ற மெத்தை வைத்த மிக இலேசான ஆன்-இயர் ஹெட்போன்தான். நடந்துகொண்டே கேட்கும் கருவிக்கு வேறு எதுவும் பொருந்தியிருக்காது.

ஓவர்-இயர் ஹெட்போன்களில் 250 கிராம், 300 கிராம் எடை சாதாரணம். அந்த எடை உச்சந்தலையில் தலைப்பட்டை தொடும் ஒரு சிறு இடத்தில் இறங்கினால், காது சுகமாக இருந்தாலும் தலை வலிக்கும். காதைச் சுற்றி மூடிய அறையில் காற்றோட்டம் இல்லாததால் வெப்பமும் ஈரமும் தங்குகின்றன. செயற்கைத் தோல் உறை போட்ட மெத்தையில் இது அதிகம். வெல்வெட் போன்ற துணி உறையில் குறைவு. துணி உறைக்கு வேறொரு விலை இருக்கிறது. அது காற்றைக் கசியவிடும். காற்றுக் கசிவு ஏன் பெரிய செய்தி என்பதே அடுத்த பகுதி.

## பேஸ் எங்கே போய்விடுகிறது?

ஊசி கழற்றிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையை விரலால் முழுதாக அடைத்துக்கொண்டு தண்டைத் தள்ளினால், உள்ளிருக்கும் காற்று இறுகி எதிர்க்கிறது. விரலைச் சற்றே தளர்த்தி ஒரு சிறு சந்து விட்டு, மெதுவாகத் தள்ளுங்கள். எதிர்ப்பே இல்லை, காற்று நிதானமாக வெளியேறிவிடுகிறது. அதே சந்தை வைத்துக்கொண்டு தண்டைத் திடீரென்று குத்துங்கள். இப்போது மீண்டும் எதிர்ப்பு தெரியும், ஏனென்றால் அவ்வளவு விரைவில் அந்தச் சிறு சந்து வழியாகக் காற்றால் வெளியேற முடியவில்லை.

ஹெட்போனுக்குள் நடப்பதும் இதுவே. டிரைவரின் சவ்வு சிரிஞ்சின் தண்டு. மெத்தைக்கும் தலைக்கும் நடுவே அடைபட்ட காற்று சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்று. மெத்தை எங்காவது தோலோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தால் அதுதான் சந்து. ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது. ஒரு விநாடியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். இளமையும் நலமும் உள்ள காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் என்று நாம் சொல்வது அந்த வரிசையின் அடிப்பகுதி. 40 ஹெர்ட்ஸ் ஒலியில் சவ்வு ஒரு முறை போய்வர ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. காற்றுக்கு அது தாராளமான நேரம், ஆகவே சந்து வழியாக வெளியேறிவிடுகிறது. காதுக்குள் அழுத்தம் ஏறுவதே இல்லை. 4,000 ஹெர்ட்ஸ் ஒலி அதைவிட நூறு மடங்கு விரைவானது. சந்து இருப்பதையே அது கண்டுகொள்வதில்லை.

அதனால்தான் மெத்தை சரியாக ஒட்டாத ஹெட்போனில் பாடகரின் குரலும் தாளச் சத்தமும் அப்படியே இருக்க, பேஸ் மட்டும் கரைந்துபோகிறது. தொலைவில் வைத்த ஒலிபெருக்கியில் இந்தக் கணக்கு பொருந்தாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 8.5 மீட்டர், ஓர் அறையை அந்த ஒலியால் நிரப்பப் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் வேண்டும். ஹெட்போன் ஓர் அறையை நிரப்ப வேண்டியதில்லை. காதருகே அடைபட்ட ஒரு பிடிக் காற்றின் அழுத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் போதும். இந்த அடைப்பு இருக்கும் வரையில்தான் சிறிய சவ்வால் அவ்வளவு ஆழமான ஒலியைத் தர முடிகிறது.

ஆன்-இயர் மெத்தை இந்த அடைப்பை எங்கே உண்டாக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மேடும் பள்ளமுமான, ஆளுக்கு ஆள் மாறும், அசைந்தால் நழுவும் காதுமடலின்மீது. ஓவர்-இயர் மெத்தைக்குக் கிடைப்பது ஒப்பளவில் வழவழப்பான தலைப்பரப்பு. ஆன்-இயரில் பேஸ் குறைவு என்று சொல்லப்படுவதன் உண்மையான பொருள், பேஸ் நிலையாக இல்லை என்பது. சரியாகப் பொருந்திய வேளையில் நன்றாகவே இருக்கும். தலையைத் திருப்பினால் மாறும்.

## ஐந்து நிமிடச் சோதனை

இதை நம்பத்தான் வேண்டும் என்பதில்லை, சோதித்தே பார்க்கலாம். பேஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, ஆன்-இயர் ஹெட்போனை அணிந்துகொண்டு, இரு உள்ளங்கைகளாலும் கூடுகளை மெல்ல அழுத்துங்கள். பேஸ் திடீரென்று நிறைந்துகொண்டு வரும். கையை எடுத்தால் வடிந்துவிடும். ஒலியளவை நீங்கள் தொடவே இல்லை. சந்தை மூடித் திறந்தீர்கள், அவ்வளவே.

அடுத்து ஓவர்-இயர் ஒன்றை அணிந்து, மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகுங்கள். அதுவரை கனமாக ஒலித்த பாட்டு, எலும்பை உருவியதுபோல் மெலிந்துவிடும். முன்பு சொன்ன கண்ணாடிக் காம்பு செய்வதும் இதைத்தான். காம்பு மெத்தையை ஒரு கோடாகத் தூக்கிப் பிடிப்பதால், ஓவர்-இயரில் வலிக்குப் பதிலாகக் கசிவு வந்து சேருகிறது. காம்பு மெல்லியதாகவும் மெத்தை தடிமனாகவும் இளக்கமாகவும் இருந்தால் கசிவு குறையும். வாயை அசைத்துப் பேசினாலோ மென்றாலோ தாடை எலும்பு நகர்ந்து மெத்தையின் அடிப்பகுதியில் சிறு இடைவெளி திறந்து மூடுவதையும் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

## சௌகரியமும் ஒலியும் பின்னிக்கொள்ளும் இடம்

உள்ளங்கையால் அழுத்தியபோது பேஸ் கூடியது. அப்படியானால் தலைப்பட்டையை இன்னும் இறுக்கமாகச் செய்துவிட்டால் ஆன்-இயரின் குறை தீர்ந்துவிடாதா? தீரும். ஆனால் அந்த இறுக்கம் விழும் இடம், கொழுப்பில்லாத அதே குருத்தெலும்பு. இறுக்கினால் பேஸ் வரும், காது வலிக்கும். தளர்த்தினால் காது பிழைக்கும், பேஸ் போகும். ஆன்-இயர் ஹெட்போனை வடிவமைப்பவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கயிற்றின் மேல்தான் நடக்கிறார்கள். அணிந்தவுடன் அருமையாக ஒலிக்கும் ஆன்-இயர், ஒரு மணி நேரத்தில் கழற்றத் தூண்டுவதற்கும், மிகவும் இதமாக அமரும் ஆன்-இயர் சற்று மெலிந்து ஒலிப்பதற்கும் காரணம் இதுவே.

ஓவர்-இயருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் பரப்பு பெரியதாகவும் அடைப்பு எளிதாகவும் இருப்பதால் அதன் கயிறு இன்னும் அகலமானது. மிதமான பிடியிலேயே நல்ல அடைப்புக் கிடைத்துவிடுகிறது. நீண்ட நேரம் கேட்பவர்களுக்கு ஓவர்-இயரையே நான் முதலில் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

## காதுமடல் செய்யும் வேலை

பேஸைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று; உச்ச ஒலிகளில் கதை வேறு. காதுமடலின் மடிப்புகள் அழகுக்காக இருப்பவை அல்ல. ஒலி அவற்றில் பட்டுத் தெறித்துச் செவிக்குழாய்க்குள் நுழையும்போது, வந்த திசைக்கு ஏற்ப சில அதிர்வெண்கள் கூடியும் சில குறைந்தும் போகின்றன. மூளை பிறந்தது முதல் இந்தக் கூடுதல் குறைவுகளைப் படித்துப் பழகி, ஒலி மேலிருந்து வருகிறதா, முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று தீர்மானிக்கிறது. இது உச்ச ஒலிகளில்தான் நடக்கும். 6,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய காதுமடலின் அளவு. நீளமான பேஸ் அலைக்கு அந்த மடிப்புகள் கண்ணில் படுவதே இல்லை.

ஓவர்-இயர் ஹெட்போனுக்குள் மடல் தன் இயல்பான வடிவத்தில் நிற்கிறது. டிரைவரும் சற்றுத் தள்ளி இருக்கிறது. ஒலி மடலைத் தழுவி உள்ளே போகிறது. ஆன்-இயரில் மடல் நசுங்கித் தலையோடு ஒட்டிக்கிடக்க, டிரைவர் செவிக்குழாயின் வாசலிலேயே நிற்கிறது. இசை தலையைச் சுற்றி விரிந்திருப்பதுபோல் தோன்றும் உணர்வை ஒலிப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். அது ஓவர்-இயரில் பொதுவாகச் சற்று அகன்று கேட்பதற்கு மடலுக்குக் கிடைக்கும் இந்த விடுதலை ஒரு முக்கியக் காரணம். எந்த ஹெட்போனும் எதிரே மேடையில் பாடுவது போன்ற உணர்வை முழுதாகத் தந்துவிடாது. ஒவ்வொரு காதும் தன் பக்கத்து ஒலியை மட்டுமே கேட்கிறது. நேரில் அப்படி இல்லை, இரு காதுகளும் எல்லா ஒலிகளையும் சிறு கால வித்தியாசத்தோடு கேட்கின்றன.

செவித்திறன் சோதனைக் கூடங்களிலும் ஆன்-இயர் வகை ஹெட்போன்கள் வெகுகாலமாகப் பயன்பட்டு வருகின்றன. அங்கே தெரியவந்த ஒன்று இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். சிலருக்கு, குறிப்பாக வயது முதிர்ந்தவர்களில் சிலருக்கு, ஹெட்போன் மடலை அழுத்தும்போது செவிக்குழாயின் மென்மையான வாசல் மடிந்து மூடிக்கொள்ளும். செவி நன்றாக இருந்தும், உச்ச ஒலிகள் கேட்கவில்லை என்று சோதனை காட்டிவிடும். அதனால் அத்தகையவர்களுக்குச் செவிக்குழாய்க்குள் செருகும் வகையைப் பயன்படுத்துகிறார்கள். காதின் மேல் அழுத்துவது, காதின் வடிவத்தையே மாற்றும் செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுருங்கச் சொன்னால், தாழ்ந்த ஒலிகள் அடைப்பை நம்பியிருக்கின்றன. உயர்ந்த ஒலிகள் மடலை நம்பியிருக்கின்றன. ஆன்-இயர் மெத்தை இரண்டின்மீதும் கை வைக்கிறது.

## டிரைவரின் அளவு

ஓவர்-இயர் ஹெட்போன்களில் 40 அல்லது 50 மில்லிமீட்டர் டிரைவர்களும், ஆன்-இயரில் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலானவையும் பரவலாக உள்ளன. பெரிய சவ்வு ஒரே அசைவில் கூடுதல் காற்றைத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் செவிக்குழாய்க்குள் செருகும் இயர்போனின் 10 மில்லிமீட்டர் டிரைவர் காதை அதிரவைக்கும் பேஸ் தருகிறதே? செவிக்குழாயை ரப்பர் முனை இறுக்கமாக அடைத்துவிடுவதால்தான். அளவைவிட அடைப்பு பெரிது. பெட்டியில் போட்டிருக்கும் மில்லிமீட்டரைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

## வெளிச்சத்தமும் ஒலியளவும்

பேஸ் வெளியே கசியும் அதே சந்து வழியாக வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. மூடிய கூடு கொண்ட ஓவர்-இயர், மனிதக் குரலின் மேற்பகுதி, பாத்திரச் சத்தம், விசைப்பலகைத் தட்டல் போன்ற உயர்ந்த ஒலிகளை நன்றாகக் குறைக்கும். பேருந்து எஞ்சினின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் குறைக்காது. அந்த உறுமலுக்குத்தான் நாய்ஸ் கேன்சலிங் என்னும் சத்தநீக்க நுட்பம் இருக்கிறது: கூட்டிலுள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை டிரைவர் வழியே அனுப்பி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்கிறது. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது இந்த யோசனையில் இறங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989-இல். இந்த நுட்பம் தாழ்ந்த, சீரான ஒலிகளில் நன்றாக வேலை செய்கிறது. எதிரலையும் காற்றழுத்தம்தான் என்பதால் அதற்கும் அடைப்பு தேவை. ஆன்-இயரிலும் இந்த நுட்பத்தை வைக்கிறார்கள். மெத்தை சற்று நழுவினாலே அதன் பலன் குறைந்துவிடும்.

வெளிச்சத்தம் உள்ளே வந்தால் நாம் செய்வது ஒன்றே: ஒலியளவைக் கூட்டுவது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் பாதுகாப்பான அளவு. டெசிபல் ஒலியின் வலிமையைக் குறிக்கும் அலகு. அது 3 கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம், 89-இல் வெறும் 5 மணி நேரம். இரைச்சலான இடத்தில் நன்றாக அடைக்காத ஆன்-இயரில் தினமும் கேட்பவர் இந்தக் கணக்கைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். போன செவித்திறன் திரும்பி வராது.

## திறந்த கூடும் மூடிய கூடும்

ஓவர்-இயர் என்றால் மூடியது, ஆன்-இயர் என்றால் திறந்தது என்று எண்ணுபவர்கள் நிறையப் பேர். இவை தொடர்பில்லாத இரு பிரிவுகள். கூட்டின் வெளிப்பக்கம் காற்றுப் புகாதபடி மூடியிருந்தால் மூடிய கூடு. வலை போல் விட்டிருந்தால் திறந்த கூடு. 1968-இல் வந்த சென்ஹைசர் எச்டி 414, திறந்த கூடு கொண்ட ஹெட்போன்களின் முன்னோடி. மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தையோடு வந்த அது ஓர் ஆன்-இயர். பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் எச்டி 600 திறந்த கூடு கொண்ட ஓவர்-இயராக வந்தது. திறந்த கூடு வெளிச்சத்தத்தை அடைக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டைக் கேட்க வைக்கும். ஆனால் ஒலிப்பரப்பு விரிவாக இருக்கும், காதும் அவ்வளவாக வெந்துபோகாது. அமைதியான அறையில் தனியாகக் கேட்பவருக்கு ஏற்றது.

## அணிந்து பார்க்கும்போது

ஹெட்போனை அணிந்த முதல் நிமிடம் எதையும் சொல்லாது. எல்லாமே அப்போது இதமாகத்தான் இருக்கும். குறைந்தது இருபது நிமிடம் தலையில் வைத்திருந்து, கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்ணாடியோடு, காதில் கம்மல் போடுபவராக இருந்தால் கம்மலோடு, உட்கார்ந்து பாருங்கள். ஓவர்-இயர் என்றால் மெத்தையின் குழிக்குள் ஒரு விரலை ஓட்டி, மடல் எந்தப் பக்கமும் மெத்தையில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மடலின் முனை உள்துணியில் படுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஆன்-இயர் என்றால் உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள். மெல்ல அழுத்தும்போது பேஸ் பெரிதாக மாறவில்லையென்றால் அந்த மெத்தை உங்கள் காதுக்குப் பொருந்தியிருக்கிறது. மிகவும் மாறினால், அந்த ஹெட்போன் வேறொருவர் காதில் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் உங்கள் காதில் ஒலிக்காது.

புதிய ஹெட்போனின் பிடி சற்று இறுக்கமாகவே இருக்கும். சில வாரங்களில் ஓரளவு தளரும். அதே காலத்தில் மெத்தையின் பஞ்சும் மெல்லத் தட்டையாகத் தொடங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, செயற்கைத் தோல் உரிந்து, கருப்புத் துகள்கள் கன்னத்தில் ஒட்டத் தொடங்கும்போது, ஹெட்போன் பழசாகிவிட்டது, ஒலி முன்போல் இல்லை என்று பலர் அதைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் டிரைவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மெத்தை தட்டையாகி, சந்து திறந்து, பேஸ் கசிந்துகொண்டிருக்கும்; ஓவர்-இயரில் குழியின் ஆழமும் குறைந்து காது துணியைத் தொடத் தொடங்கியிருக்கும். அந்த மாடலுக்கென்றே செய்த மெத்தைகள் தனியாகக் கிடைக்குமானால், பழையதைக் கழற்றிவிட்டு அவற்றைப் பொருத்திக் கேட்டுப் பாருங்கள். வேறு வடிவமோ வேறு உறையோ கொண்ட மெத்தையைப் போட்டால் அடைப்பும், டிரைவருக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியும் மாறி, ஒலியே வேறாகிவிடும். ஆகவே அளவு மட்டும் பொருந்துகிறது என்று வாங்கிவிட வேண்டாம்.